பூச்சிமருந்துக்கு ஊர்ப் பொதுக் காப்பறை



விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் மணிலா, நெல், கரும்பு பயிரிடும் சிறு உழவர்கள், தெளித்து மீந்த பூச்சிமருந்தை அடுத்த பட்டத்துக்கு ஆகும் என்று வீட்டிலேயே வைப்பது வழக்கம். பயிரைக் காக்க வாங்கிய அந்த மருந்தே, வீட்டில் ஒருவர் மனமுடைந்து போகும் வேளையில் உயிரைப் பறித்துவிடுகிறது. மருந்தை வீட்டை விட்டு வெளியே வைப்பதும், மனம் நொந்தவரைத் தனியே விடாதிருப்பதும் இதைத் தடுக்கும் இரு வழிகள். இரண்டையும் ஊர் கூடித்தான் செய்ய முடியும்.

எதனால் நேர்கிறது?

2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்தில் வயல்கள் நீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. பயிர் இழப்பும் கடனும் மனத்தை வாட்டுவது உண்மையே. ஆனால் தற்கொலைக்குக் கடன் மட்டும் காரணம் அன்று. குடும்பச் சண்டை, குடிப்பழக்கம், தீராத நோய், தேர்வில் தோல்வி, மனச்சோர்வு நோய் ஆகியவை ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன. எனவே உழவர் மட்டுமன்றி, வீட்டிலுள்ள பெண்களும் இளைஞர்களும் இந்த ஆபத்துக்கு உள்ளாகிறார்கள்.

சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலோருக்கு நீடித்து நிற்பதில்லை. சில நிமிடங்களோ சில மணி நேரமோ உச்சத்தில் இருந்து பின்னர் தணிகிறது. அந்த நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமலும், பேச ஓர் ஆள் அருகிலும் இருந்தால் உயிர் தப்பிவிடும்.

அண்டை மாவட்டத்தில் செய்து பார்த்தது

1993 வரை நம்மோடு ஒரே தென்னாற்காடு மாவட்டமாக இருந்த கடலூர்ப் பகுதியில், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் இதற்கொரு முயற்சி நடந்தது. 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும் பூ சாகுபடி மிகுந்த கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். இரண்டு கிராமங்களில் ஊராரின் ஒத்துழைப்போடு பொதுக் காப்பறைகள் கட்டப்பட்டன. மருந்தைப் பூட்டி வைக்க அங்கே பெட்டிகள் அமைக்கப்பட்டன. வேறு இரண்டு கிராமங்கள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன.

2013இல் முடிவுகள் வெளியாயின. காப்பறை உள்ள ஊர்களில் பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகளும் முயற்சிகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. உழவர்களும் காப்பறையை ஏற்றுக்கொண்டனர். இது சிறிய ஆய்வே எனினும், நம் போன்ற ஊர்களில் இம்முறை நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதைக் காட்டியது.

இலங்கை தரும் பாடம்

வீட்டிலேயே ஒரு பெட்டியில் பூட்டி வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். இலங்கையில் 180 கிராமங்களில் பூட்டுப் பெட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, பெட்டி பெற்ற ஊர்களில் நஞ்சுண்ணல் குறையவில்லை. பெட்டியும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தால், சாவி இருக்குமிடம் வீட்டாருக்குத் தெரியாமல் இராது அல்லவா?

அதே இலங்கையில் 1995 முதல் கொடிய நஞ்சுள்ள மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சலும் இதனால் குறையவில்லை.

நம் ஊரில் செய்யும் முறை

1. கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவு செய்யுங்கள். வீடுகள், பள்ளி, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து விலகிய, காற்றோட்டமுள்ள, வெள்ளம் ஏறாத மேட்டிடத்தில் காப்பறை அமையட்டும்.

2. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெட்டியும் அதற்கு இரண்டு பூட்டுகளும் இருக்கட்டும். ஒரு சாவி உழவரிடமும் மற்றது பொறுப்பாளரிடமும் இருந்தால் ஒருவர் தனியே திறக்க முடியாது.

3. தெளிக்கும் நாளில் தேவையான அளவை மட்டும் பதிவேட்டில் எழுதி எடுங்கள். மீதியையும் காலிப் புட்டியையும் அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. பொருளாதாரச் சேத நிலையை எட்டினால் மட்டுமே மருந்து தெளியுங்கள். விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவற்றை முதலில் கையாளுங்கள். வாங்குவது குறைந்தால் மீதியும் குறையும், செலவும் மிச்சமாகும்.

விசாரிக்கும் நல்வழக்கம்

சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகத் தவறாதவர்கள் நாம். அந்த விசாரிப்பை உயிரோடு இருக்கும்போதே செய்தால் சாவைத் தடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் ஆய்வு நடத்தியது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றவர்களுக்குச் சிறிது ஆலோசனையும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரிப்பும் கிடைத்தன. 2008இல் வெளியான முடிவில், முதல் பிரிவில் நூற்றுக்கு 2.2 பேரும், விசாரிக்கப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 0.2 பேரும் மட்டுமே பின்னர் தற்கொலையால் இறந்திருந்தனர்.

ஒருவர் பேச்சைக் குறைத்தாலோ, வேலையில் பற்றற்றிருந்தாலோ, 'நான் இருந்து என்ன பயன்' என்றாலோ அலட்சியம் செய்யாதீர்கள். 'சாகலாம் என்ற எண்ணம் வருகிறதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. அறிவுரை கூறாமல் காதுகொடுத்துக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவினரும் பால் கூட்டுறவுச் சங்கத்தாரும் ஆளுக்குச் சில வீடுகளைப் பொறுப்பேற்று நலம் விசாரித்து வரலாம்.

அவசர நேரத்தில்

யாரேனும் மருந்து குடித்துவிட்டால் உடனே 108ஐ அழையுங்கள். உப்புக் கரைசல், சாணக் கரைசல் எதையும் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் புட்டியைக் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்படமாட்டார் என 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. வழக்குக்கு அஞ்சிக் காலம் கடத்த வேண்டாம்.

மனம் கனக்கும்போது 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வரும் கிராம சபையில் காப்பறைக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்து, இந்தத் தொலைபேசி எண்களையும் ஊர்ச் சாவடியில் எழுதி வையுங்கள்.