ஓரணியில் ஆடியவர்கள்

நுழையும்முன்

நேரில் பழகியிராத மக்களைப் பற்றியும் நம் உள்ளத்தில் ஒரு கருத்து இருக்கிறது. அதனை விதைத்தது எது? மாற்றுவது எது? விளையாட்டுத் திடல்களில் கிடைத்த விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தப்பெண்ணத்தின் தோற்றம்

வேற்றுச் சமயத்தாரோடு பழகும் வாய்ப்பற்றவர், செய்தியிலும் திரைப்படத்திலும் காண்பதைக் கொண்டே அவர்களை அறிகிறார். பெரும்பான்மையினர் ஒருவர் குற்றம் செய்தால் அவர் பெயர் செய்தியாகும். சிறுபான்மையினர் ஒருவர் செய்தால் அவருடைய சமயமும் தலைப்பில் இடம்பெறுவதுண்டு. இதனைத் திரும்பத் திரும்பக் காண்பவர், ஒருவரின் பிழையை ஒரு சமூகத்தின் இயல்பாகக் கொள்கிறார். இதுவே தப்பெண்ணம்.

பழக்கம் தரும் மாற்றம்

வெறும் சந்திப்பு தப்பெண்ணத்தைப் போக்காது. சமநிலையும் பொது இலக்கும் கூட்டுழைப்பும் சமூக அமைப்புகளின் ஆதரவும் வேண்டும் என்று அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார்.

ஈராக்கில் இக்கருத்து சோதிக்கப்பட்டது. 2014இல் ஐ.எஸ். அமைப்பு அந்நாட்டின் வடபகுதியிலிருந்த கிறித்தவ ஊர்களைக் கைப்பற்றியது. வீடிழந்து இடம்பெயர்ந்த கிறித்தவர்களின் உள்ளத்தில் இசுலாமியர் மீது ஐயம் படிந்தது. பின்னர், சல்மா மூசா என்னும் ஆய்வாளர் அவர்களுக்காகக் கால்பந்துத் தொடர்களை நடத்தினார். குலுக்கல் முறையில் தேர்ந்த சில அணிகளில் இசுலாமிய வீரர்களும் சேர்க்கப்பட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின்னும் அவ்வணிகளின் கிறித்தவ வீரர்கள் இசுலாமியரோடு சேர்ந்து பயிற்சிபெற முன்வந்தனர். ஆயினும் திடலுக்கு வெளியே, அறிமுகமற்ற இசுலாமியரிடம் பழகுவதில் அத்தகைய மாற்றம் தெளிவாகத் தென்படவில்லை.

திரைவழி அறிமுகம்

ஊடகமும் நல்லுறவை வளர்க்கக்கூடும். எகிப்தைச் சேர்ந்த முகமது சாலா 2017இல் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில் இணைந்தார். கோல் அடித்ததும் நெற்றி நிலத்தில் படிய அவர் வணங்குவதை இரசிகர்கள் தொலைக்காட்சியில் கண்டு பழகினர். அவர் வருகைக்குப்பின் அவ்வணிக்குரிய மெர்சிசைடு பகுதியில் வெறுப்புக் குற்றங்கள், எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட 16 விழுக்காடு குறைந்திருந்தன என 2021இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

ஓரணி வீரரிடம் தோன்றும் நட்பும் புகழ்பெற்ற வீரரிடம் தோன்றும் அன்பும் நல்ல தொடக்கங்களே. பெயரறியாத அண்டைவீட்டாருக்கும் அவை நீளும்போதுதான் தப்பெண்ணம் முற்றும் அகலும். மனிதராக மதிக்கப்படுவதற்கு எவரும் கோல் அடித்துக் காட்ட வேண்டியதில்லை.