கம்பம் மறையட்டும், சிவப்பு மறையக் கூடாது

ஏதாவது ஒரு சந்திப்புல நின்னு, சிக்னல் விளக்கை விட்டுட்டு அதைச் சுத்தி இருக்கறதைப் பாருங்க. சிக்னலுக்கு ஒரு கம்பம், தெருவிளக்குக்கு ஒண்ணு, கேமராவுக்கு இன்னொண்ணு. நடைபாதை நடுவுல ஒரு இரும்புப் பெட்டி, அது மேல 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர். அந்தப் பெட்டிதான் கன்ட்ரோலர். எந்தப் பக்கத்துக்கு எத்தனை விநாடி பச்சைன்னு முடிவு பண்றது அதுதான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா செயல்பட ஆரம்பிச்சது 2019 நவம்பர் 26-ல. வளர்ற ஊருக்கு வர்ற சிக்னலை அழகா வைக்க முடியாதா? என் மினி ப்ராஜெக்ட் இதுதான். முதல் டிசைன்லயே சொதப்பினேன். கல்வராயன் மலை மாதிரி இருக்கட்டும்னு கம்பம், பெட்டி, விளக்குக் கூடு எல்லாத்துக்கும் பச்சை பெயின்ட் கொடுத்தேன். கைடு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதை வேப்பமரத்துக்கு முன்னாடி நட்டா, ஸ்கூட்டியில வர்றவங்களுக்கு எவ்வளவு தூரத்துல தெரியும்?"

கணக்கு போடுவோம்

50 கி.மீ. வேகம்னா விநாடிக்கு சுமார் 14 மீட்டர். சிவப்பைப் பார்த்து பிரேக் மிதிக்க இந்திய சாலைக் காங்கிரஸ் எடுத்துக்கற நேரம் 2.5 விநாடி. அதுக்குள்ள 35 மீட்டர் போயிடும். உராய்வுக் குணகம் 0.37-னு வச்சா, வண்டி நிற்க இன்னும் சுமார் 27 மீட்டர். ஆக, 60 மீட்டருக்கு முன்னாடியே சிவப்பு கண்ணுல படணும். படலைன்னா, ரோட்டைக் கடக்கறவர் மேலதான் வண்டி போய் நிற்கும்.

எதை மறைக்கலாம்?

விளக்கைத் தாங்கறது எல்லாத்தையும் மறைக்கலாம். தெருவிளக்கு, சிக்னல், கேமரா மூணுக்கும் ஒரே கம்பம் போதும். அதுக்கு மினுமினுப்பு இல்லாத அடர் சாம்பல் நிறம் அடிச்சா கண்ணை உறுத்தாது. பெங்களூருல 'டெண்டர்ஷ்யூர்' சாலைகள்ல, நடைபாதைக்கு அடியில குழாய் போட்டு கேபிள்களை இறக்கினாங்க. மேல தொங்கற வயர் போனாலே தெரு பாதி அழகாயிடும். பெட்டியை நடைபாதை ஓரத்துக்குத் தள்ளலாம், ஆனா கதவைத் திறந்து ரிப்பேர் பார்க்க இடம் விடணும். நம்ம கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கே, அதோட பூ வேலைப்பாட்டை அந்தக் கதவுல வரையலாம்.

எதைத் தொடக் கூடாது?

விளக்கு, அதுக்கு மேல இருக்கற தொப்பி, பின்னாடி இருக்கற கருப்புப் பலகை. சாயங்காலம் சேலம் பக்கமா வண்டி ஓட்டிப் பாருங்க, சூரியன் நேரா கண்ணுல அடிக்கும். அப்போ விளக்கைத் தனியா பிரிச்சுக் காட்டறது அந்தக் கருப்புப் பலகைதான். சிவப்பு மேல, பச்சை கீழங்கற வரிசையையும் மாத்தக் கூடாது. நிறம் பிரிச்சு அறிய முடியாதவங்க இடத்தை வச்சுதான் கண்டுபிடிக்கறாங்க.

மலைச்சாலை வளைவுக்கும் இதே பாடம்தான். கல்வராயன் மலையில சுத்தியும் பச்சை. அங்க அம்புக்குறிப் பலகையையும் பச்சையா வச்சா யாருக்குத் தெரியும்? அதனாலதான் அதுக்கு மஞ்சளும் கருப்பும்.

அழகு மட்டும் போதாதுங்கறதுக்கு நியூயார்க் ஒரு உதாரணம். 1920-கள்ல ஐந்தாவது அவென்யூவுல, போட்டி வச்சுத் தேர்ந்தெடுத்த டிசைன்ல, வெண்கலத்துல சிக்னல் கோபுரங்கள் கட்டினாங்க. பார்க்க அருமையா இருந்துச்சு. ஆனா நடுரோட்டுல நின்னு போக்குவரத்தை மறிச்சதால 1929-ல எடுத்துட்டாங்க.

உங்களுக்கு ஒரு வேலை

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, நீங்க தினமும் கடக்கற சிக்னல்ல இருந்து 60 மீட்டர் பின்னாடி, நடைபாதையில நின்னு பாருங்க. சிவப்பை மரக்கிளை மறைக்குதா, பேனர் மறைக்குதா? மறைச்சா போட்டோ எடுத்து நகராட்சிக்கு மனு கொடுங்க. பெயின்ட் டப்பாவை அதுக்கப்புறம் திறக்கலாம்.