டீகார்ப் பண்ணலாமா, சார்?

சர்வீஸுக்கு விட்ட டீசல் காரை எடுக்கப் போனால், பில்லோடு சேர்ந்து இந்தக் கேள்வியும் வரும். "மைலேஜ் ஏறும், பிக்கப் வரும்" என்பார்கள். டீகார்ப் என்றால் எஞ்சினில் படிந்த கார்பனை எடுப்பது. கார்பன் படிவது பொய்யில்லை. அதை எடுக்கிறேன் என்று வரும் மெஷினைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

• கரி எங்கே படிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பங்கை இஜிஆர் வால்வு திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புகிறது. கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியும் அதே வழியில் சேர, இரண்டும் கலந்து இன்டேக் மேனிஃபோல்டில் தார் மாதிரி அப்பிக்கொள்ளும். என் 1.3 லிட்டர் டீசல் காரில் மேனிஃபோல்டைக் கழற்றிய மெக்கானிக், "அண்ணே, விரலை விட்டுப் பாருங்க" என்றார். முதல் கணுவுக்கு மேல் போகவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சுரண்டியதுபோல் பட்டை பட்டையாக வந்தது. அதற்கு இரண்டே மாதம் முன்பு, வேறொரு கடையில் ஹைட்ரஜன் கிளீனிங்குக்கு 3,500 ரூபாய் அழுதிருந்தேன்!

• அந்த ஹைட்ரஜன் கிளீனிங் ஏன் வேலை செய்யவில்லை என்று நான் பிறகுதான் யோசித்தேன், நீங்கள் முன்பே யோசியுங்கள். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, கிடைக்கும் வாயுவை ஐட்லிங்கில் ஓடும் எஞ்சினுக்குள் விடுகிறார்கள். அது எரிவது சிலிண்டருக்குள்தான். மேனிஃபோல்டில் அது வெறும் காற்றுபோலக் கடந்துபோகிறது. தாரை எப்படிக் கரைக்கும்?

• கறுப்புப் புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கிழிசல், ஏர் ஃப்ளோ சென்சார், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸ் கிழிந்த காருக்கு எத்தனை டீகார்ப் செய்தாலும் புகை நிற்காது.

• இஜிஆர் ஒட்டிக்கொண்டிருப்பதாக ஸ்கேனரில் தெரிந்தால், கழற்றிக் கையால் சுத்தம் செய்து புது கேஸ்கெட் போடச் சொல்லுங்கள். கூலி அதிகம்தான். ஆனால் எடுத்த கரியைக் கண்ணால் பார்க்கலாம்.

• எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் எஞ்சின் சூடாக இருக்கும்போது புகைப் பரிசோதனை எடுத்து, இரண்டு சீட்டையும் ஒப்பிடுங்கள்.

• 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் பொதுவாக டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரியை கார் தானே எரித்துக்கொள்ளும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஊருக்குள்ளேயே உருட்டினால் அந்தச் சூடு ஏறாது. அவ்வப்போது பைபாஸில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கலாம், உடனே காட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஒழுங்காக ஓடும் காருக்கு, இத்தனை கிலோமீட்டர் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் டீகார்ப் செய்யாதீர்கள்.

• ஓடும் எஞ்சினின் ஏர் பைப்பில் கண்ட திரவத்தை ஊற்றவோ அடிக்கவோ விடாதீர்கள். டீசல் எஞ்சின் காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக அழுத்துகிறது, திரவம் அப்படி அமுங்காது. அளவு மிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எரியக்கூடிய திரவமென்றால் அதுவே எரிபொருளாகி, ஆர்பிஎம் கட்டுக்கடங்காமல் ஏறும் ஆபத்தும் உண்டு.

• இஜிஆரைத் தகடு வைத்து அடைக்காதீர்கள், டிபிஎஃபை அறுத்தெடுக்காதீர்கள். "எல்லாரும் பண்றாங்க சார்" என்பது சட்டத்தின் முன் எடுபடாது.

• கடையிலிருந்து வீடு வரைக்கும் ஓட்டிவிட்டு "பிக்கப் கூடிடுச்சு" என்று சொல்லாதீர்கள். ஏர் ஃபில்டரை மாற்றி, எரர் கோடையும் அழித்துக் கொடுத்திருப்பார்கள். டேங்க் நிரப்பி, 500 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பி மைலேஜ் பாருங்கள்.

• வீட்டுக்கும் மளிகைக் கடைக்குமாக ஓடப் போகிற கார் என்றால், டீசலே வாங்காதீர்கள்.