மம்மியும் மரபணுவும்

நுழையும்முன்

பல்கலைக்கழகங்களில் வரலாறு ஒரு கட்டடத்திலும் மருத்துவம் மற்றொரு கட்டடத்திலும் கற்பிக்கப்படுகின்றன. இரண்டு கட்டடங்களிலும் பயின்ற ஐரோப்பிய மாணவர் ஒருவர், முனைவர் பட்டம் பெறுவதற்கு முன்பே ஒரு கேள்வியை எழுப்பினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் உடலில் இன்றும் மரபுச்செய்தி எஞ்சியிருக்குமா? அக்கேள்வியிலிருந்து புதியதோர் அறிவுத்துறை கிளைத்த வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

உப்சாலாவின் மாணவர்

சுவீடன் நாட்டிலுள்ள உப்சாலா பல்கலைக்கழகம் 1477ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1970களின் நடுவில் ஸ்வாந்தே பேபோ என்னும் இளைஞர் எகிப்தியல் பயில அங்குச் சேர்ந்தார். பதின்மூன்றாம் வயதில் தாயுடன் எகிப்துக்குச் சென்று வந்ததிலிருந்து பிரமிடுகளும் மம்மிகளும் அவர் மனத்தை நிறைத்திருந்தன. வகுப்பறையிலோ பண்டைய எகிப்திய மொழியின் வினைமுற்று வடிவங்களே பெரும்பாலும் பாடமாக அமைந்தன. அகழாய்வை எதிர்பார்த்து வந்தவருக்கு இலக்கணமே வாய்த்தது. அவர் மருத்துவப் படிப்புக்கு மாறினார். பின்னர் முனைவர் பட்டத்திற்காக, அடினோ வைரசின் புரதம் ஒன்று உடலின் நோய் எதிர்ப்பாற்றலை எவ்வாறு ஏமாற்றுகிறது என்று ஆராயத் தொடங்கினார்.

டி.என்.ஏ. துண்டு ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பல படிகளாகப் பெருக்கும் முறை அக்காலத்தில் உயிரியல் ஆய்வகங்களில் பரவிவந்தது. வைரசுகளைக் கொண்டு நாள்தோறும் இதனைச் செய்துவந்த பேபோவுக்கு, மம்மிகளிலும் இதனைச் செய்து பார்த்தால் என்ன என்ற எண்ணம் தோன்றியது. நூலகத்தில் தேடிப் பார்த்தார். அவ்வாறு எவரும் முயன்றதாகச் சான்று கிட்டவில்லை.

இவ்விடத்தில் இரு துறைகளின் அறிவும் ஒன்றையொன்று தொட்டதைக் கவனிக்க வேண்டும். உயிர் பிரிந்தவுடன், உயிரணுவில் உள்ள நொதிகளே அதன் டி.என்.ஏ.வைச் சிதைக்கத் தொடங்கும். அந்நொதிகள் செயல்பட நீர் தேவை. இஃது உயிரியல் அறிந்த செய்தி. எகிப்தியரோ இறந்தவரின் உடலை நேட்ரான் என்னும் உப்பில் இட்டு ஈரத்தை முற்றிலும் உறிஞ்சச் செய்தனர். இஃது எகிப்தியல் அறிந்த செய்தி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கே, உடல் விரைவில் உலர்ந்திருந்தால் டி.என்.ஏ. தப்பியிருக்கலாம் என்னும் கருதுகோள் புலப்பட்டது.

அதனைச் சோதிக்க அவர் மேற்கொண்ட முதல் முயற்சி மிக எளியது. கடையில் கன்றின் ஈரலை வாங்கிவந்து, ஆய்வகத்தின் அடுப்பில் ஏறத்தாழ 50 பாகை செல்சியசு வெப்பத்தில் பல நாள் உலர்த்தினார். நெறியாளர் அறிந்தால் தடுத்துவிடுவாரோ என்ற அச்சத்தால் இதனை மறைவாகவே செய்தார். ஈரலின் நாற்றம் அவரைக் காட்டிக்கொடுக்கும் நிலையும் ஏற்பட்டது. எனினும் கல்போல் இறுகிய அந்த ஈரலில் டி.என்.ஏ. எஞ்சியிருந்தது. நெறியாளரிடம் மறைத்துச் செய்யும் ஆய்வு எவரும் பின்பற்றத்தக்க வழியன்று. ஆனால், பட்டத்திற்குரிய தலைப்பைவிட்டு விலகும் மாணவர் எத்துணை இடரை ஏற்கிறார் என்பதை அம்மறைவு காட்டுகிறது. மம்மி ஆய்வு தோற்றிருந்தால் அவருடைய காலமும் பணியும் வீணாகியிருக்கும். வென்றாலும் அதற்குப் பட்டம் வழங்கத் துறை ஏதுமில்லை. 1986ஆம் ஆண்டு அவர் பெற்ற முனைவர் பட்டமும் வைரசு ஆய்வுக்காகவே வழங்கப்பட்டது.

பெர்லினில் கிடைத்த சான்று

ஈரலுக்குப்பின் மம்மிகள் தேவைப்பட்டன. உப்சாலாவின் எகிப்தியல் துறையினர் துணைநின்றனர். அங்கிருந்த சிறிய அருங்காட்சியகத்திலும், அன்று கிழக்கு ஜெர்மனியின் வசமிருந்த கிழக்கு பெர்லின் அருங்காட்சியகத்திலும் மம்மிகளிலிருந்து சிறு திசுத் துணுக்குகளை எடுக்க அவருக்கு ஒப்புதல் கிடைத்தது. அத்துணுக்குகளை இரவுகளிலும் விடுமுறை நாள்களிலும் ஆராய்ந்தார். டி.என்.ஏ.வோடு இணைந்து ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, குழந்தை மம்மி ஒன்றின் காலில் எடுத்த தோலில் உயிரணுக்களின் உட்கருக்கள் ஒளிர்ந்தன.

மொத்தம் 23 மம்மிகளை ஆராய்ந்த அவர், அக்குழந்தையின் தோலிலிருந்து பெற்ற டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவில் பெருக்கினார். 1985ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. முந்திய ஆண்டில்தான், அழிந்துபோன குவாகா என்னும் வரிக்குதிரையின் தோலிலிருந்து அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் வில்சன் குழுவினர் டி.என்.ஏ.வைப் பிரித்திருந்தனர். பேபோவின் கட்டுரையைக் கண்ட வில்சன், ஓராண்டு விடுப்பில் தங்கள் ஆய்வகத்தில் வந்து பணியாற்றலாமா என்று அவருக்கே கடிதம் எழுதினார். ‘பேராசிரியர்’ என அவர் கருதிய பேபோவுக்கு அன்று ஆய்வகமும் இல்லை. முனைவர் பட்டமும் இல்லை. பட்டம் பெற்றபின், பேபோவே வில்சனிடம் சென்று பணியாற்றினார்.

தூசியில் கலந்த ஐயம்

பாலிமரேஸ் சங்கிலி வினை என்னும் புதிய முறை அக்காலத்தில் பரவியது. ஒரேயொரு டி.என்.ஏ. மூலக்கூறு இருந்தாலும் அதனைக் கோடிக்கணக்கில் பெருக்க அம்முறையால் இயன்றது. பழம்பொருள் ஆய்வுக்குக் கிடைத்த பெருங்கொடையாக இது தோன்றியது. ஆனால், பெருக்கத்தொடங்கிய அக்கருவி தனக்குக் கிடைத்த மூலக்கூறு யாருடையது என்று பார்ப்பதில்லை. மம்மியைத் தொட்ட அருங்காட்சியகக் காப்பாளரின் விரலிலிருந்து, ஆய்வாளரின் மூச்சிலிருந்து, அறையின் தூசியிலிருந்து வந்த டி.என்.ஏ.வும் அதனால் பெருகும். மம்மியும் மனிதர், தொட்டவரும் மனிதர். இருவரின் டி.என்.ஏ.வையும் எவ்வாறு வேறுபடுத்துவது?

இவ்வினாவைப் பேபோ தம் முதல் வெற்றியின்மீதே செலுத்தினார். குழந்தை மம்மியிலிருந்து பெற்றதாக அறிவித்த டி.என்.ஏ. பிற்கால மனிதரின் கலப்பாக இருக்கலாம் என்பது தெளிவாயிற்று. புகழ் தந்த கட்டுரையை ஐயுறுவது எவருக்கும் எளிதன்று. அதே காலத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர்களின் டி.என்.ஏ. கிடைத்ததாகப் பிறர் அறிவித்த செய்திகள் இதழ்களை நிறைத்தன. அவற்றை மீண்டும் செய்து பார்த்தபோது அம்முடிவுகள் கிடைக்கவில்லை.

பேபோ சில ஆண்டுகள் மனிதரை விட்டு, அழிந்த விலங்குகளின் பக்கம் திரும்பினார். குகைக்கரடியின் எலும்பில் மனித டி.என்.ஏ. தென்பட்டால் அது கலப்பு என்று உடனே தெரிந்துவிடும். இவ்வாறு, பழைய டி.என்.ஏ. எவ்வாறு சிதைகிறது, எத்துணைச் சிறு துண்டுகளாக உடைகிறது என்பதைக் கற்றுக்கொண்டார். தூய அறை, உடலை முழுதும் மூடிய ஆடை, புறஊதா ஒளி, எலும்பு எதுவும் இடாத வெற்றுச் சோதனை, மற்றோர் ஆய்வகத்தில் மறுசோதனை ஆகியன துறையின் ஒழுங்குகளாயின. இத்துறை நிலைபெற்றதற்கு முதற்காரணம் எதுவெனில், வியப்பூட்டும் முடிவுகளைவிட இந்த ஒழுங்குகளையே கூற வேண்டும்.

நியாண்டர்தால் எலும்பு

1990ஆம் ஆண்டு பேபோ ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1856ஆம் ஆண்டு ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்பிலிருந்து சிறு துணுக்கு ஒன்று அவர் குழுவிற்குக் கிடைத்தது. அதனை ஆராயும் பொறுப்பை மத்தியாஸ் கிரிங்ஸ் என்ற முனைவர் பட்ட மாணவர் ஏற்றார். உட்கருவின் டி.என்.ஏ. ஓர் உயிரணுவில் இரு படிகளே இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வோ நூற்றுக்கணக்கான படிகளாக இருக்கும். ஆதலால் அதனையே தேடினர். கிடைத்த வரிசை இன்றைய மனிதர் எவரிடமும் காணப்படாததாக இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ஆய்வகம் ஒன்றும் தனியே சோதித்து அதே முடிவைப் பெற்ற பின்னரே, 1997ஆம் ஆண்டு கட்டுரை வெளியிடப்பட்டது.

அதே ஆண்டில் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மரபியலாளர், மொழியியலாளர், உளவியலாளர், மனிதக் குரங்குகளை ஆராய்பவர் எனப் பலரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றும் வகையில் அது திட்டமிடப்பெற்றது. குரோவாசியாவின் விந்திசா குகையில் கிடைத்த எலும்புகளிலிருந்து நியாண்டர்தால் மனிதரின் முழு மரபணுத்தொகுதியின் முதல் வரைவை 2010ஆம் ஆண்டு அக்குழு வெளியிட்டது. கட்டுரையின் முதல் ஆசிரியரான ரிச்சர்ட் கிரீன் அவ்வாய்வில் முனைவர் பட்ட மேலாய்வாளராகப் பணியாற்றியவர். எலும்பிலிருந்து பெற்ற டி.என்.ஏ.வில் பெரும்பகுதி நுண்ணுயிர்களுடையது. அதிலிருந்து நியாண்டர்தால் துணுக்குகளைப் பிரித்தெடுக்க வேதியியலாளரும் கணிதவியலாளரும் கணினி வல்லுநரும் தேவைப்பட்டனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்று இன்று கணிக்கப்படுகிறது.

அம்மரபு நம்மையும் தொடுகிறது. கோவிட் நோய் கடுமையாவதற்குரிய வாய்ப்பை மிகுவிக்கும் ஒரு மரபணுப்பகுதி நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்று 2020ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் அப்பகுதி காணப்படுகிறது. 2022ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பேபோவுக்கு வழங்கப்பட்டது.

இளையோர்க்குத் திறந்த வழி

பேபோ இரவில் மறைவாகச் செய்ததை இன்று ஐரோப்பிய இளம் ஆய்வாளர் பலர் பகலில் வெளிப்படையாகச் செய்ய இயலும். 2007இல் தொடங்கப்பட்ட ஐரோப்பிய ஆய்வு மன்றம், முனைவர் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளேயான ஆய்வாளர் தனிக்குழு அமைக்கத் தொடக்க நிதி வழங்குகிறது. மேரி கியூரியின் பெயரால் அமைந்த ஐரோப்பியத் திட்டம், ஆய்வாளர் நாடுவிட்டு நாடு சென்று பணியாற்றுவதை நிபந்தனையாகவே வைக்கிறது. எனினும் பல்கலைக்கழகப் பணியிடங்கள் பெரும்பாலும் ஒரு துறையின் பெயராலேயே அறிவிக்கப்படுகின்றன. இரு துறைகளுக்கிடையே நிற்பவர் எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்ற சிக்கல் இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

மம்மிகளைப் பற்றிய பழைய கேள்விக்கு உறுதியான விடை 2017ஆம் ஆண்டு கிடைத்தது. எகிப்தின் அபூசிர் எல்-மெலக் என்னும் இடத்திலிருந்து டூபிங்கன், பெர்லின் நகரங்களின் சேகரிப்புகளை அடைந்த 151 பேரின் எச்சங்களை வெரினா ஷூனமான் முதலியோர் ஆராய்ந்தனர். அவர்களுள் 90 பேரின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதியையும், 3 பேரின் உட்கரு டி.என்.ஏ. தரவுகளையும், கலப்பைக் கண்டறியும் சோதனைகளுக்குப்பின் பெற்றனர். அவர்களுக்குக் கைகொடுத்தவை பற்களும் எலும்புகளுமே. உப்சாலா மாணவர் அன்று நம்பித் தேடிய தோல் முதலிய மென்திசுக்களில் டி.என்.ஏ. மிகக் குறைவாகவே எஞ்சியிருந்தது.