தாயின் குணமும் சேயின் சுபாவமும்

(மாதர் சங்கங்களுக்கும் முன்பள்ளி ஆசிரியைகளுக்குமான பாடம்)

நம் கரையோரக் கிராமங்களில் ஒரு சின்னப் பிள்ளை ஓயாமல் அழுதாலும் அடம்பிடித்தாலும் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். "தாய் வளர்த்த வளர்ப்பு அப்பிடி" என்பது ஒன்று. "அது பிறக்கேக்கையே அப்பிடித்தான், தேப்பன்ர குணம்" என்பது மற்றது. முதலாவது தீர்ப்பு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டாவது, பிள்ளையைத் திருத்த இடமில்லை என்று கைகழுவி விடுகிறது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் தாயின் குணமும் பிள்ளையின் சுபாவமும் தனித்தனியே வேலை செய்வதில்லை. ஒன்றை மற்றது நாள்தோறும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. வீடுவீடாகச் செல்லும் தொண்டர்களும் முன்பள்ளி ஆசிரியைகளும் இதை விளங்கிக்கொண்டால் பல வீடுகளில் வீண்பழி குறையும் என்பதால் இதனை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று பிள்ளை பெற்ற எந்தத் தாயைக் கேட்டாலும், "மூத்தது ஏணையில போட்டால் படுத்திடும், இளையது ஏணையைக் கண்டாலே கத்தும்" என்பாள். ஒரே வயிறு, ஒரே பால், ஒரே வீடு, பிள்ளைகளோ வெவ்வேறு. அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதியர் 1956ஆம் ஆண்டு முதல் நியூயோர்க் நகரில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களது கணிப்பில் நூற்றுக்கு 40 பிள்ளைகள் சாந்தமானவர்கள்: பசியும் உறக்கமும் நேரத்துக்கு வரும், புதியவர்களிடமும் சிரிப்பார்கள். நூற்றுக்கு 10 பேர் கடினமானவர்கள்: உறக்கத்துக்கு ஒழுங்கில்லை, சின்ன மாற்றத்துக்கும் பெரிய அழுகை. மேலும் 15 பேர் கூச்ச சுபாவத்தினர். முதலில் ஒதுங்கி நின்று மெல்லமெல்ல வந்து ஒட்டுவார்கள். மிகுதி 35 பேர் எந்த வகைக்குள்ளும் முழுதாக அடங்காதவர்கள். நம் பிள்ளைகளில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை ஒரு சுபாவத்தோடுதான் பிறக்கிறது, அது தாயின் பாவமுமல்ல, அயலாளின் நாவூறுமல்ல என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அடுத்தது பற்றுறவு. பயந்தபோதும் நொந்தபோதும் பிள்ளை யாரிடம் ஓடுகிறதோ, யாருடைய தோளில் சாய்ந்து அழுகையை நிறுத்துகிறதோ, அவரோடு அதற்குள்ள பிணைப்பையே இவ்வாறு சொல்கிறோம். இரண்டாம் உலகப் போரில் வீட்டை இழந்த பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951இல் எழுதிய அறிக்கை இந்தச் சிந்தனைக்கு ஓர் ஆரம்பம். உணவும் உடையும் கிடைத்தும், பற்றிக்கொள்ள ஓர் ஆள் இல்லாத பிள்ளை வாடிப்போகும் என்று அவர் எழுதினார். அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வர்த் 1954–55இல் உகண்டாவில் கம்பாலா நகருக்கு அண்மையிலுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கே மீண்டும் மீண்டும் சென்று, தாய்மாரும் குழந்தைகளும் பழகும் விதத்தைப் பார்த்தார். செல்வமுள்ள வீடுகளல்ல அவை; தாய்மார் தோட்டவேலையும் செய்தவர்கள்.

அவர் கண்டவற்றுள் ஒன்று நமக்கு மிகவும் பயன்படும். எந்தத் தாய் தன் பிள்ளையைப் பற்றி நுணுக்கமாகச் சொல்லக்கூடியவளாய் இருந்தாளோ, அவளுடைய பிள்ளை பெரும்பாலும் பாதுகாப்பான பற்றுறவு கொண்டிருந்தது. பசி அழுகை எது, உறக்க அழுகை எது, எந்தப் பக்கம் சரித்தால் உறங்கும், யாரைக் கண்டால் முகம் திருப்பும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை காட்டும் குறியைக் காண்பது, அதைச் சரியாக வாசிப்பது, காலம் தாழ்த்தாமல் பதில் கொடுப்பது: எய்ன்ஸ்வர்த் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் செய்த ஆய்விலும் இதையே வலியுறுத்தினார். எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தாள் என்பதைவிட, இருந்த நேரத்தில் எப்படிப் பதில் கொடுத்தாள் என்பதே முக்கியம். விடியற்காலையில் வாடியில் வலையிலிருந்து மீன் கழற்றிவிட்டு, பின் கருவாடு காயப்போடும் தாய்க்கு இது ஆறுதலான செய்தி.

நிறை பார்க்கும் கிளினிக்கில் இதைக் கண்ணால் காணலாம். தராசில் தொங்கவிட்டவுடன் பிள்ளைகள் வீரிட்டு அழும், அது இயல்பு. தாய் கையில் வாங்கியபின் என்ன நடக்கிறது? ஒன்று தோளில் முகம் புதைத்துச் சற்றில் அடங்கும். இன்னொன்று தாயையே தள்ளும், உதைக்கும், ஆனால் இறங்கவும் விடாது. வேறொன்று எதுவும் நடவாதது போல் வேறெங்கோ பார்க்கும். எய்ன்ஸ்வர்த்தின் பரிசோதனையும் இத்தகையதே. தாய் சில நிமிடங்கள் அறையைவிட்டுச் சென்று திரும்பும்போது பிள்ளை அவளை எப்படி வரவேற்கிறது என்பதை வைத்தே அவர் வகை பிரித்தார். ஒருநாள் கிளினிக்கில் கண்டதை வைத்து நாம் யாருக்கும் பட்டம் சூட்டக்கூடாது. காய்ச்சலோடு வந்த பிள்ளையும் தள்ளும்.

சரி, கடினமான பிள்ளைக்கும் தாய்க்குமிடையே பற்றுறவு பழுதடைந்துதான் தீருமா? இல்லை. தோமஸ், செஸ் தம்பதியர் 'பொருத்தம்' என்று ஒன்றைச் சொன்னார்கள். நம்மவர்கள் கலியாணத்துக்குத்தான் பொருத்தம் பார்ப்பார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலும் அது உண்டு. கலகலப்பான தாய்க்குக் கூச்சமான பிள்ளை பிறந்தால், சனத்துக்குள் கொண்டுபோய்த் திணிக்கத் திணிக்க அது மேலும் ஒடுங்கும். அதே பிள்ளை பொறுமையான அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, தன்பாட்டில் வெளியே வரும். பிள்ளையும் அதுவே, கூச்சமும் அதுவே, விளைவு வேறு.

இடத்தைப் பொறுத்தும் இது மாறும். கென்யாவின் மசாய் மக்களிடையே ஆய்வுசெய்த மார்ட்டன் டி விறீஸ், 1974ஆம் ஆண்டின் கொடிய வரட்சிக் காலத்தில் குழந்தைகளின் சுபாவத்தைக் குறித்துவைத்தார். சில மாதங்களுக்குப் பின் திரும்பிச் சென்றபோது அவர் தேடிக் காணமுடிந்த சாந்தமான குழந்தைகள் 7 பேரில் 5 பேர் இறந்திருந்தனர். கடினமான 6 பேரில் ஒருவரே இறந்திருந்தது. எண்ணிக்கை சிறிது, பெரிய முடிவு கட்ட முடியாது. ஆனால் பஞ்சத்தில் கத்திக் கேட்ட பிள்ளைக்குப் பால் கிடைத்தது என்று எண்ண இடமுண்டு. முகாம்களில் கைக்குழந்தைகளோடு நாட்களைக் கழித்த நம் பெண்களுக்கு இது புதுமையாக இராது. சாந்தமான பிள்ளையை நாம் மறந்துவிடுகிறோம். "அது ஒரு சோலியுமில்லாத பிள்ளை" என்று சொல்லப்படும் பிள்ளையையும் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும்.

இனித் தாயின் பக்கம். மேடைகளில் தாய்மையைத் தெய்வமாக்கிப் பேசுவது எளிது. தெய்வத்துக்குக் களைப்பு வராது, ஆனால் தாய்க்கு வரும். இரவு முழுவதும் அழும் பிள்ளை, கடலுக்குப் போன கணவன், கிழமை தவறாமல் வாசலில் நிற்கும் நுண்கடன்காரர். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது படகுகள் மட்டுமா கரையில் கிடந்தன? வீட்டுக்குள்ளே பொறுமையும் வற்றிப்போயிற்று. தாயின் குணம் என்று நாம் பெயரிடுவதில் ஒரு பங்கு அவள் குணமேயல்ல, அவள் நிலைமை.

மற்றொரு பங்கு அவள் வளர்ந்த காலம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் நம் மக்கள் மடுவில் அடைக்கலம் புகுந்தனர், தமிழகத்தின் மண்டபம் முகாமுக்கும் படகேறினர். அவ்வாண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் உட்பட இம்மாவட்டத்தின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்றனர். 2007இலும் 2008இலும் பெருநிலப்பரப்பிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் 2009இல் முள்ளிவாய்க்கால்வரை சென்று மெனிக் பாம் முகாமில் வந்து சேர்ந்தனர். அப்போது பத்து வயதாயிருந்த சிறுமி இன்று கைக்குழந்தையோடு நம் மாதர் சங்கத்தில் இருக்கிறாள். பிள்ளை வீரிட்டு அழும்போது அவள் உடல் ஏன் விறைக்கிறது, ஏன் கைநீட்டிவிடுகிறாள், ஏன் சிலவேளை ஒன்றும் கேட்காதவள் போல் இருக்கிறாள் என்பதற்கு அங்கேயும் ஒரு காரணம் இருக்கலாம்.

இதை விதி என்று கொள்ள வேண்டியதில்லை. வட மாகாணத் தமிழ்ப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு, போரின் கொடுமைகளைக் கண்ட பிள்ளைகளுக்குப் பெற்றோரின் அன்பான பராமரிப்பு ஒரு கவசமாய் இருந்ததைக் காட்டியது. 2008இல் வெளியான இன்னோர் ஆய்வோ, வடகிழக்கில் வீட்டுக்குள் பிள்ளை அடிபடுவதைப் போர் அனுபவத்தோடும் தகப்பனின் குடியோடும் தொடர்புபடுத்தியது. தாயைப் பற்றிய பாடத்தில் தகப்பன் எங்கே என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். தவறணையிலிருந்து அவர் வீடு திரும்பும் நேரமும் தாய்–பிள்ளை உறவுக்குள்தான் வருகிறது.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைத் தனியே சொல்லவேண்டும். சரக்குத் தண்ணீரும் வேது குளிப்பும் உடலைத் தேற்றும். ஆனால் சில கிழமைகள் கடந்தும் காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைப் பார்க்கவே விருப்பமில்லை, உறங்க நேரம் கிடைத்தும் உறக்கமில்லை என்றால், அது சோம்பலுமல்ல, பேய்க்குணமுமல்ல. 1987இல் ஸ்கொட்லாந்தில் உருவாக்கப்பட்ட எடின்பரோ வினாக்கொத்து பத்தே கேள்விகளில் இதைக் கண்டுகொள்ள உதவுகிறது. குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமதியாமல் சொல்லுங்கள். தன்னையோ பிள்ளையையோ மாய்க்கும் எண்ணம் அவள் வாயில் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். செபம் கூடவே நடக்கட்டும், அதற்குப் பதிலாக அல்ல.

வெளிநாடு செல்லும் தாய்மாரைப் பற்றியும் கேட்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்வதை 2013இல் அரசு கட்டுப்படுத்தியது. 2022இல் அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சட்டம் எப்படியிருப்பினும், போவதா விடுவதா என்பதைக் கடன் தீர்மானிக்கிறது. பிள்ளை பலரோடு பற்றுறவு கொள்ளக்கூடியது. அம்மம்மாவும் பெரியம்மாவும் உண்மையான பற்றாளர்களே. ஆபத்து, இந்த மாதம் ஒரு வீடு, அடுத்த மாதம் இன்னொரு வீடு என்று பிள்ளையை மாற்றுவதில் உள்ளது. போகுமுன் சில கிழமைகளாவது பொறுப்பேற்பவர் அதே வீட்டில் பழகட்டும். உறங்கும்போது களவாகப் போகாமல், சொல்லிவிட்டுப் போகட்டும். கடினமான, கூச்சமான பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கக்காலம் இன்னும் நீளமாக வேண்டும்.

என்ன செய்யலாம்? நெதர்லாந்தில் டி. வான் டென் பூம் என்ற ஆய்வாளர், வறிய குடும்பங்களில் அதிகம் அழும் இயல்புள்ள 100 குழந்தைகளைத் தேர்ந்தார். பாதித் தாய்மாரின் வீடுகளுக்கு, பிள்ளையின் ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் மூன்றே தடவை பயிற்சி கொடுக்கச் சென்றார். பிள்ளையின் குறியைப் பார், பொறுத்துப் பார், இப்படி ஆற்று, அழாத நேரத்திலும் விளையாடு: அவ்வளவுதான் பயிற்சி. ஒரு வயதானபோது அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் பாதுகாப்பான பற்றுறவு கொண்டிருந்தனர். பயிற்சி பெறாத பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கினர்கூட இல்லை. பெரும் கட்டடமோ பெரும் நிதியோ தேவைப்படவில்லை. மூன்று தடவை போய் உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது.

எனவே தொண்டர்கள் ஒரு வீட்டுக்குள் போனவுடன் புத்தி சொல்லத் தொடங்கவேண்டாம். "உங்கட பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். தாயால் நிறையச் சொல்ல முடிந்தால், அவளுக்குத் தெரிந்ததை அவளுக்கே சுட்டிக்காட்டுங்கள். ஒன்றும் சொல்ல முடியாவிட்டால், அவளோடு சேர்ந்து கால்மணி நேரம் பிள்ளையைப் பாருங்கள். "பிள்ளை பிடிகாரன் வாறான்" என்று பயமுறுத்துவதைக் கண்டால் கண்டியாமல், வேறு எப்படி ஆற்றலாமென்று செய்துகாட்டுங்கள். முன்பள்ளி ஆசிரியைகள், முதல் நாட்களில் கூச்சமான பிள்ளையின் தாயை வாசலோடு அனுப்பிவிடாமல் உள்ளே பாயில் இருக்க விடலாம்.

மாதர் சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு: நம் கிராமத்தில் 'கடின பிள்ளை' என்று பெயர் வாங்கிய பிள்ளையின் தாய்க்கு இரவில் யார் உதவுகிறார்கள்? வாடிக் காலத்தில் கைக்குழந்தைகள் பகலில் யார் கையில் இருக்கின்றன, அந்தக் கை நாளுக்கு நாள் மாறுகிறதா? சங்கக் கூட்டங்கள் பாலூட்டும் தாய்க்கு வசதியான நேரத்தில் நடக்கின்றனவா? அடுத்த கூட்டத்துக்கு முன், ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குப் போய் மேற்சொன்ன ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவந்து, கேட்டதைச் சொல்லலாம், பெயர் வேண்டாம்.