ஆன்லைன் சான்றிதழ் கோர்ட்டில் செல்லுமா?

கேள்வி: என் மகன் பெங்களூருவில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் தகராறு செய்ததாக வழக்குப் போட்டார்கள். ‘ஒப்புக்கொண்டால் ஃபைனோடு போய்விடும்’ என்று சொன்னதால் ஒப்புக்கொண்டான். ஆனால் அரசு மருத்துவமனையில் 40 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டு மாதம் ஆகிறது. லீவு கிடைக்காததால் ஒரு நாள்கூடப் போகவில்லை. வீட்டிலிருந்தே வீடியோ பார்த்து, கேள்விகளுக்குப் பதில் எழுதினால் 40 மணி நேரத்துக்குச் சான்றிதழ் தருவதாக ஒரு வெளிநாட்டு நிறுவனம் இன்டர்நெட்டில் விளம்பரம் செய்கிறது. கட்டணம் உண்டு. அதை வாங்கிக் கோர்ட்டில் கொடுக்கலாமா? தீர்ப்பு நகல் எங்களிடம் இல்லை. வக்கீலிடம் இருக்கலாம்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேண்டாம். அந்தச் சான்றிதழால் உங்கள் மகனுக்குப் பயன் இல்லை; ஆபத்து உண்டு.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 355-ஆம் பிரிவில் போடப்பட்டிருக்க வேண்டும். பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை கொடுத்தால் 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. 1.7.2024 முதல் இதுதான் சட்டம். ‘சமூக சேவை’ என்ற கடைசி வார்த்தை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கிடையாது. அதனால்தான் கோர்ட் வராண்டாவில் ‘ஃபைனோடு போய்விடும்’ என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சமூக சேவை என்றால் என்ன என்பதை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 23-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது: தண்டனையாக நீதிமன்றம் செய்யச் சொல்லும், சமூகத்துக்குப் பயன்படும், ஊதியமில்லாத வேலை. எத்தனை மணி நேரம், எந்த இடம், யார் மேற்பார்வை என்று அந்தப் பிரிவில் எதுவும் இல்லை. ஆகவே உங்கள் வழக்கைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது. அரசு மருத்துவமனை என்று அதில் இருந்தால் அரசு மருத்துவமனைதான். வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பதால் அந்த மருத்துவமனைக்கு என்ன பயன்? இப்படிப்பட்ட ஆன்லைன் திட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்க நீதிமன்றங்களைக் குறிவைத்து நடப்பவை. அங்கேயே நீதிமன்றமோ கண்காணிப்பு அலுவலரோ முன்கூட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால் சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆன்லைன் சான்றிதழ் என்று சொல்லியே கொடுத்தால் நிராகரிப்பார்கள், அவ்வளவுதான். மருத்துவமனையில் வேலை செய்ததுபோல் காட்டிக் கொடுத்தால் கதையே வேறு. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் உருவாக்குவதற்கு பி.என்.எஸ். 229-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அதிகபட்சம் ஒரு நாள் காவலுக்குரிய வழக்கை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா?

இப்போது நான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு மாதமாகத் தீர்ப்பு நகலை வாங்காமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ‘வக்கீலிடம் இருக்கலாம்’ என்பதெல்லாம் பதிலா? விண்ணப்பித்தால் நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 404-ஆம் பிரிவு சொல்கிறது. சேவையை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் எத்தனை நாள் சிறை என்பது அந்தக் காகிதத்தில் இருக்கக்கூடும். சேவை செய்யத் தவறினால் சிறை என்று உத்தரவிட பி.என்.எஸ். 8-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கெடு முடிந்துவிட்டதா என்றுகூடத் தெரியாமல் சான்றிதழ் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

‘அபராதமாக மாற்றிக் கொடுங்கள்’ என்று அதே நீதிபதியிடம் கேட்கவும் முடியாது. கையெழுத்தான தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் திருத்த பி.என்.எஸ்.எஸ். 403-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. மேல்முறையீடு என்றால் செஷன்ஸ் நீதிமன்றம். 30 நாள் கெடு. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரிதானா என்பதையும் பற்றி மட்டுமே வாதாட முடியும். விண்ணப்பித்து நகல் பெற ஆன நாள்களைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை, கழிக்க என்ன இருக்கிறது? தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். ஆனால் லீவு கிடைக்கவில்லை என்ற காரணத்தை எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்காது.

சேவையைச் செய்ய அவகாசம் கேட்பது, தண்டனையை மாற்றக் கேட்பதிலிருந்து வேறுபட்டது. அதற்கு அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். தருவதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு. ஒரு நாள்கூடப் போகாமல் கேட்பதைவிட, சில நாள் வேலை செய்துவிட்டுக் கேட்டால் மதிப்பு கூடும். தீர்ப்பில் நாள், கிழமை குறிப்பிடாமல் இருந்தால், சனி, ஞாயிறுகளில் வந்து செய்ய முடியுமா என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்துமூலம் கேட்கட்டும். வந்த நேரம், போன நேரம், செய்த வேலை மூன்றையும் எழுதி அன்றன்றே கையெழுத்து வாங்கட்டும். மொத்தமாகக் கடைசி நாளில் வாங்கிய கையெழுத்து சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

நான் தீர்ப்பைப் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன். இதை வைத்து நீங்களாக எதுவும் முடிவெடுக்க வேண்டாம். இந்த வாரமே மகனை வரவழைத்து, சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிட்டு, குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டியிருந்தால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.