அலைப்பலகை செய்ய வரும் பிள்ளைகளுக்கு

அலையில் படுத்துக் கரைக்கு வரும் மரப்பலகையைச் சொந்தக் கையால் செய்ய ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு, பட்டறையில் வாயால் சொல்வதை இங்கே எழுதித் தருகிறேன்.

1. எழுந்து நிற்கும் பலகையை முதலில் தொடாதீர்கள். அதற்கு மிதப்பு வேண்டும். மிதப்புக்கு உள்ளே கூடாக இருக்க வேண்டும், கூடாக இருந்தால் ஒரு மூட்டிலும் தண்ணீர் புகக் கூடாது. அமெரிக்கரான டாம் பிளேக், ஹவாயின் பழைய பலகைகளை ஆராய்ந்த பிறகுதான் கூடுப்பலகை செய்தார். அதற்கு 1932இல் காப்புரிமையும் வாங்கினார். அது தேர்ந்த கைக்கான வேலை. நீங்கள் வயிற்றுப்பலகையில் தொடங்குங்கள். ஹவாயில் பைப்போ என்பார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் சாதாரண பிளைவுட்டில் செய்து தலைமுறைகளாக ஆடியிருக்கிறார்கள். எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1922இல் தென்னாப்பிரிக்காவில் அலையேறக் கற்றதும் இப்படிப்பட்ட மெல்லிய பலகையில் படுத்துத்தான்.

2. பலகையைத் தரையில் நிறுத்தினால் தொப்புள் வரை வரட்டும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய நாலடி நீளம் இருந்தாலே அதிகம். அகலம் ஓரடி, இல்லையென்றால் இன்னும் ஓர் அங்குலம். கனம் 8 மில்லிமீட்டர். "இது ஆளைத் தாங்குமா?" என்று எல்லாரும் கேட்பீர்கள். தாங்காது, தாங்கவும் வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறீர்கள், அலை உடைந்து வரும்போது காலால் உந்திப் படுக்கிறீர்கள். அதன் பிறகு அலையின் வேகமே பலகையை மேலே தூக்கிப் பிடிக்கும். பயந்துகொண்டு கனமாகச் செய்தால் அலை அதைக் கையிலிருந்து பிடுங்கி உங்கள் முகத்திலேயே அடிக்கும்.

3. பழைய ஹவாய்க்காரர்கள் கோவா என்னும் மரம், ஈரப்பலா, விலிவிலி என்று பார்த்துத் தேர்ந்தார்கள். விலிவிலி வேறெதுவும் இல்லை, நம் கல்யாண முருங்கைக்கு உறவு மரம். வெட்டுவதற்கு முன் அடிமரத்தில் குமு என்ற சிவப்பு மீனைப் படைத்து வேண்டிக்கொள்வார்களாம். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும். முழு மரத்தில் செய்ய ஆசை வரும், ஆனால் சரியாகக் காயாத மரம் முறுக்கிக்கொள்ளும். முதல் பலகைக்கு மரைன் பிளைவுட் போதும். கடையில் ஐ.எஸ். 710 முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். கொதிநீரிலும் விடாத பசை போட்டது அது. 4 மில்லிமீட்டர் தாள் வேண்டும், இரண்டு அடுக்குக்கு. தாளின் ஓரத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விரல் முட்டியால் நெடுகத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓசை பொள்ளலாகக் கேட்டால் உள்ளே காற்று நிற்கிறது.

4. மூக்கு மேல்நோக்கி வளைய வேண்டும். தட்டையாக விட்டால் முதல் அலையிலேயே மண்ணில் குத்தும், பலகையின் பின்முனை வயிற்றில் ஏறும். முன்பக்கக் கடைசி ஓரடியில் ஒன்றரை அங்குல எழுச்சி போதும். அந்த வளைவுக்கு ஒரு மரக்கட்டையை இழைத்து அச்சு செய்துகொள்ளுங்கள். தாளின் முன்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்தால் மரம் இளகும். அச்சின் மேல் கட்டி, முழுதாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் எபாக்சிப் பசை பிடிக்காது. பிறகு இரண்டு தாளுக்கும் நடுவே எபாக்சி தடவி, மறுபடி அச்சில் வைத்து நெடுகக் கிளாம்ப் போடுங்கள். ஒரு தாளை மட்டும் வளைத்தால் நாளடைவில் நிமிர்ந்துவிடும். இரண்டு தாள் வளைந்த நிலையில் ஒட்டிக்கொண்டால் ஒன்றையொன்று நிமிர விடாது. இறுகுவதற்கு முழு இரவு கொடுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம், காற்றின் ஈரத்தில் எபாக்சி மேலே பிசுபிசுப்புக் கட்டும்.

5. ஓரம். பலகையில் மற்ற வேலையெல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது, அவசரக்காரர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். மேல் விளிம்பை முழுக்க உருட்டுங்கள், விலா எலும்பும் விரல்களும் அங்கேதான் படும். மூக்கில் மேலும் கீழும் உருட்டல். ஆனால் நடுவிலிருந்து பின்முனை வரை அடிவிளிம்பு கூராகவே நிற்க வேண்டும். அடியில் ஓடிவரும் தண்ணீர் கூரான விளிம்பில் பளிச்சென்று பிரிந்து போகும். உருட்டிவிட்டால் அது விளிம்பைச் சுற்றிக்கொண்டு ஏறிப் பலகையைப் பின்னால் இழுக்கும். வயிற்றுப்பலகைக்கு அடியில் துடுப்பு கிடையாது என்பதால், சாய்ந்த அலையில் பக்கவாட்டில் வழுக்காமல் கடித்துப் பிடிப்பதும் இந்த விளிம்புதான். இழைப்புளியை நார் ஓட்டத்தோடு ஓட்டுங்கள், பிறகு 80, 120, 220 என்று உப்புத்தாள். கண்ணை நம்பாதீர்கள். கண்ணை மூடிக் கட்டைவிரலை நெடுக ஓட்டுங்கள், மேடு பள்ளம் விரலுக்குத்தான் முதலில் தெரியும்.

6. மரம் முகத்தை விட வெட்டுவாயில்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். ஆகவே எபாக்சியை முதலில் ஓரங்களுக்கு இரண்டு முறை கொடுத்துவிட்டு, பிறகு எல்லாப் பக்கமும் பூசுங்கள். வெயிலில் எபாக்சி பழுத்துப்போகும், மேலே மரைன் வார்னிஷ் கட்டாயம். கையுறை போடாமல் எபாக்சியைத் தொட வேண்டாம்.

7. நீந்தத் தெரியாதவர்களுக்கு நான் பலகை செய்யச் சொல்லித் தருவதில்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. வடகிழக்குப் பருவக் கடலிலும், ஆற்று முகத்துவாரத்திலும், கல்கொட்டிய இடத்திலும் இறங்காதீர்கள். குப்பத்துப் பெரியவர்களிடம் அன்றைய நீரோட்டத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். கரையை நெருங்கும்போது பலகையை வயிற்றுக்கு முன்னால் வைத்திருக்கக் கூடாது, பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள்.

8. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள். ஹவாய்க்காரர்கள் பலகையைக் காயவைத்து, தேங்காயெண்ணெய் தேய்த்து, துணியில் சுற்றி வீட்டுக்குள் தொங்கவிட்டதை வில்லியம் எல்லிஸ் என்ற பாதிரியார் 1820களில் பார்த்து எழுதியிருக்கிறார். நம் பலகைக்கு எண்ணெய் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓரத்தைப் பாருங்கள். வார்னிஷ் பெயர்ந்து மரம் கறுத்திருந்தால் நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, மறுபடி எபாக்சியும் வார்னிஷும் பூசிய பிறகுதான் அடுத்த அலை.